விளக்கேற்றுவோன் வீட்டில் இருளா?



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியானதும் நாட்டில் ஒரு கணக்குத் தொடங்கிவிடுகிறது. கருவூலத்திலே அல்ல, கடைவீதியிலே அல்ல, ஏழையின் வீட்டுத் திண்ணையிலே! பையனை மின் பொறியியல் படிக்க வைப்பதா, வேண்டாமா? தறியை நிறுத்திவிட்டு விரல் மடக்குகிறார் தந்தை. கழுத்துச் சங்கிலியைத் தொட்டுப் பார்க்கிறாள் தாய். இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து நிற்கிறான் மகன்.

அந்தக் கணக்கை நாமும் போட்டுப் பார்ப்போம். கல்லூரிக்குள் நுழைந்து, பட்டம் பெறாமலே வெளியேறியவன் நான். பட்டத்தைப் பழிப்பதிலும் எனக்கு இலாபமில்லை, புகழ்வதிலும் இலாபமில்லை.

முதலில் செலவு. தனியார் பொறியியல் கல்லூரிகளில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய், தர அங்கீகாரம் பெற்ற பிரிவானால் 55,000 ரூபாய் என்று 2017இல் வரையறுத்தனர். நிர்வாக ஒதுக்கீட்டுக்கு 85,000, 87,000 என்றனர். விடுதியும் உணவும் நூலும் இதற்கு வெளியே. ஆண்டுக்கு ஓர் இலட்சம் என்று வைத்துக்கொள்வோம். நான்கு ஆண்டுக்கு நான்கு இலட்சம்.

கையிலே இல்லை, வங்கிக்குச் செல்கிறார் தந்தை. வட்டி நூற்றுக்குப் பத்து என்போம். படிக்கும் காலத்திலும், அடுத்த ஓராண்டிலும் தவணை கேட்கமாட்டார்கள். தவணை உறங்கும், வட்டி உறங்குமா? தனிவட்டியாகவே கணக்கிட்டாலும் 1,40,000 ரூபாய் சேர்ந்து, கடன் 5,40,000 ஆகிறது. பத்தாண்டுத் தவணையென்றால் மாதம் ஏறத்தாழ 7,140 ரூபாய். கட்டி முடிக்கும்போது, வாங்கிய நான்கு இலட்சத்துக்கு எட்டரை இலட்சம் கொடுத்திருப்பார்கள்!

ஏட்டில் ஏறாத செலவொன்றும் உண்டு. அந்த நான்காண்டும் பையன் மாதம் 10,000 ரூபாய்க்கு வேலை பார்த்திருந்தால் 4,80,000 ரூபாய் வீடு வந்திருக்கும்.

இனி வரவு. படிக்கச் செல்லாத நண்பன் இப்போது 14,000 வாங்குகிறான் என்போம். பட்டதாரிக்கு 18,000 கிடைக்கிறது. கூடுதல் நாலாயிரம், தவணையோ ஏழாயிரத்துக்கு மேல்! பட்டம் பெற்றவன் பின்தங்கிவிட்டான். அவனுக்கே 35,000 கிடைத்தால்? தவணை போக, நண்பனைவிட 13,860 ரூபாய் மிகுதி. நிலைமை இப்படியே நீடித்தால், இழந்த வருமானத்தை மூன்றாண்டுக்குள் மீட்டுவிடலாம். பட்டம் ஒன்றுதான், ஒருவனுக்கு ஏணி, மற்றொருவனுக்குச் சுமை!

ஆகவே, பட்டம் இலாபமா என்று மொட்டையாகக் கேட்பதிலே பொருளில்லை. எந்தக் கல்லூரி, என்ன பயிற்சி, யார் பணம் என்று கேட்கவேண்டும். மின்மாற்றியைப் பிரித்துப் பார்க்காமல், பாதுகாப்பு ரிலே எப்போது இயங்கும் என்று அறியாமல் ஒருவன் மின் பொறியாளன் ஆகமுடியாது. ஆய்வுக்கூடத்துக்குப் பூட்டும் விளம்பரப் பலகைக்கு வெளிச்சமும் போட்டுள்ள கல்லூரி, கட்டணத்தை மட்டும் குறைத்தா வாங்குகிறது?

இன்னொரு பக்கமும் உண்டு. கிண்டியில் மின் பொறியியல் பட்டப்படிப்பு தொடங்கியது 1930இல். பைக்காராவிலும் மேட்டூரிலும் நீர் மின்சாரமாயிற்று. 1957இல் மின்சார வாரியம் பிறந்தது. முப்பந்தலில் காற்றாலைகள் சுழல்கின்றன. கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016இல் எழுந்தது. காற்று நம்மைக் கேட்டு வீசுவதில்லை. கதிரவன் மாலையில் மறைகிறான். விளக்கோ இரவிலும் எரியவேண்டும்! இந்த ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்து மின்சாரத்தை வீட்டுக்குக் கொண்டுவருபவன் மின் பொறியாளன். ஊர் முழுவதும் பெறும் வெளிச்சத்துக்கு, நெசவாளி ஒருவர் மட்டும் விலை கொடுப்பது என்ன நியாயம்?

நுழைவுத் தேர்வு 2007இல் நீங்கிற்று. முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை 2010இல் வந்தது. அரசுப் பள்ளி மாணவருக்கு 2021இல் 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கி, கட்டணத்தையும் அரசே ஏற்றது. வாயில் திறந்தது, மகிழ்ச்சி. உள்ளே சென்றவன் வெளியே வரும்போது வேலை வேண்டாமா?

எனவே கேட்போம்: ஒவ்வொரு கல்லூரியும், பிரிவுவாரியாக, எத்தனை பேர் தேறினர், எத்தனை பேர் வேலை பெற்றனர் என்று பலகையிலே எழுதட்டும். முதலாமவன் சம்பளத்தைக் காட்டி ஊரை மயக்கவேண்டாம். வரிசையின் நடுவிலே நிற்பவன் சம்பளத்தைச் சொல்லட்டும்! கடன் தவணை வருமானத்தைப் பின்தொடரட்டும். வருமானம் வருமுன்னே வாசலில் வந்து நிற்கவேண்டாம். 2019ஆம் ஆண்டு விதிகள் பட்டதாரிப் பயிலுநருக்கு நிர்ணயித்த குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 9,000 ரூபாய். அதில் தவணை போனால் மிஞ்சுவது எவ்வளவு என்று ஆள்வோர் கூட்டிக் கழித்துப் பார்க்கட்டும்.

கிளைத் தோழர்களுக்கும் ஒரு வேலை உண்டு. கலந்தாய்வுக்கு முன் அந்தத் திண்ணையிலே போய் அமருங்கள். அரசுக் கல்லூரியை முதலில் காட்டுங்கள். பத்தாம் வகுப்புக்குப் பின் மூன்றாண்டுப் பட்டயம் பெற்று, நேரே பொறியியல் இரண்டாமாண்டில் சேரும் வழியையும் சொல்லுங்கள். தரகன் வருமுன் நீங்கள் போய்ச் சேருங்கள்!

படிக்காதே என்று சொல்ல நமக்கு நாவில்லை. ஏமாறாமல் படி என்போம்; ஏமாற்றாமல் படிக்க வை என்று நாட்டைக் கேட்போம். ஊருக்கு விளக்கேற்றப் போகிறவன் வீட்டிலே, அடகுச் சீட்டு மட்டும் மிஞ்ச விடலாகாது!