சிறிய அணை, பெரிய பொறுப்பு

அணைக்கட்டு என்றதும் பலருக்குக் கிள்ளான் கேட்ஸ் போன்ற உயர்ந்த கான்கிரீட் சுவரே நினைவுக்கு வரும். ஆயினும், கோம்பாக் மாவட்டத்தில் 1987ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட ‘பத்து’ அணைக்கட்டு மண்ணால் ஆனது. இத்தகைய பெரிய அணைகளைக் கண்காணிக்க அரசுத் துறைகளும் பொறியாளர்களும் உள்ளனர். தனியார் நிலத்தில் நீரைத் தேக்கி நிற்கும் சிறிய மண் அணையை யார் கண்காணிப்பது?

இக்கேள்விக்கு உரிய காலத்தில் விடை காணாததன் விளைவை ஹவாயின் கவாய் தீவு உணர்ந்தது. அங்குள்ள ‘கா லோகோ’ தனியாருக்குச் சொந்தமான பழைய மண் அணை. அரசுப் பதிவேட்டில் அது ‘குறைந்த இடர்’ பிரிவில் இருந்தது. பல வாரங்கள் தொடர்ந்த மழைக்குப் பின், 2006 மார்ச் 14 அன்று அது உடைந்தது. எழுவர் உயிரிழந்தனர். உரிமையாளரின் குறைகளோடு அரசின் கண்காணிப்புக் குறைகளையும் விசாரணை அறிக்கை சுட்டிக்காட்டியது.

‘குறைந்த இடர்’ என்றால் அணை வலுவாக உள்ளது என்று பொருளன்று. அணை உடைந்தால் கீழே எத்தனை உயிர்களும் உடைமைகளும் பாதிக்கப்படும் என்பதையே அவ்வகைப்பாடு குறிக்கிறது. ஆகவே, கரையில் ஒரு பிடி மண்கூட மாறாவிட்டாலும், கீழே வீடுகள் எழும்போது அணையின் இடர்நிலை உயர்ந்துவிடுகிறது.

கிள்ளான் பள்ளத்தாக்கு இதைச் சிந்திக்க வேண்டிய இடம். ஈயச் சுரங்கங்களும் இரப்பர் தோட்டங்களும் இருந்த நிலம் இன்று வீடமைப்புப் பகுதிகளாக மாறியுள்ளது. முன்பு வெறும் புதர்க்காட்டில் பாய்ந்திருக்கக்கூடிய நீர், இன்று படுக்கையறைக்குள் புகக்கூடும். எனவே, நீர்த்தேக்கத்தின் கீழ்ப்புறத்தில் புதிய வீடமைப்புத் திட்டத்திற்கு அனுமதி வழங்கும் முன், அணையின் வகைப்பாட்டை மறுஆய்வு செய்வது கட்டாயமாக்கப்பட வேண்டும்.

சிறிய உரிமையாளருக்கு இது வீண்செலவு என்று சிலர் வாதிடலாம். பொறியாளரை அமர்த்துவதற்குப் பணம் தேவை என்பது உண்மையே. ஆனால், மண் அணையின் பகைகள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிபவை. மிகைநீர் வெளியேறும் வழி அடைபட்டால், நீர் கரைமேல் வழிந்து மண்ணை அரிக்கும். மரவேர்களும் விலங்குகளின் வளைகளும் கசிவுக்கு வழிவிடும். கசிவுநீர் கலங்கி வந்தால், உள்ளிருக்கும் மண் கரைகிறது என்று பொருள். இவற்றை மழைக்காலத்திற்கு முன் பார்த்துச் சீர்செய்வது உரிமையாளரின் கடமை. வகைப்பாட்டின் செலவில் ஒரு பங்கைப் புதிய திட்டத்தால் இலாபம் அடையும் மேம்பாட்டாளர் ஏற்பதே நியாயம்.

1986ஆம் ஆண்டு இலங்கையில் கந்தளாய்க் குளத்தின் மண்கரை உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பன்னெடுங்காலப் பழமையும் அக்கரையைக் காக்கவில்லை. வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பர். போட்ட அணையைப் பேணுவதும் அதற்கு நிகரான கடமையே. நீர் தேங்கும் நிலம் தனியாருடையதாக இருக்கலாம்; கீழே வாழும் மக்களின் பாதுகாப்போ பொதுப் பொறுப்பு.