நாய்க்கு உரிமம் கேட்கிறார்கள். சேரிக்கு யார் பதில் சொல்வது?

2025 இறுதியில் சென்னை மாநகராட்சி ஓர் அறிவிப்பு விட்டது. வளர்ப்பு நாய்க்கு வெறிநாய்த் தடுப்பூசி போடு, மைக்ரோசிப் பொருத்து, உரிமம் எடு. இல்லையென்றால் 5,000 ரூபாய் அபராதம். உரிமக் கட்டணம் வெறும் 50 ரூபாய்தானே, இதில் என்ன அரசியல் இருக்கிறது என்று சில தோழர்கள் கேட்டார்கள். இருக்கிறது. கட்டணத்துக்கும் அபராதத்துக்கும் நடுவில் நூறு மடங்கு இடைவெளி. அந்த இடைவெளியில் யார் போய் விழுவார்கள் என்பதுதான் அரசியல்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உரிமம் வேண்டாம் என்பது என் வாதம் அல்ல. 2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பகுதியில் ஒரு மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. அந்தக் குழந்தையின் அப்பா பூங்காக் காவலாளி. குடும்பமே பூங்காவுக்குள்தான் குடியிருந்தது. வசதியானவரின் வளர்ப்பு நாய், கூலிக்கு உழைப்பவரின் பிள்ளை. உரிமம், கழுத்துப்பட்டை, வாய்மூடி என்று கெடுபிடி செய்ய வேண்டிய இடம் அதுதான். நம் பிள்ளைகளுக்குத்தான் அந்தச் சட்டம் அதிகம் தேவை.

ஆனால் இந்தச் சட்டத்தின் கண்ணுக்கு இரண்டு வகை நாய்கள்தான் தெரிகின்றன. ஒன்று வீட்டு நாய், மற்றொன்று தெருநாய். நம் குடியிருப்புகளில் இருப்பது மூன்றாவது வகை. மூன்று வீட்டில் சோறு தின்னும், யார் வாசலிலாவது படுக்கும், தெருவுக்கே காவல் இருக்கும். பெயர் இருக்கும், உரிமையாளர் இருக்க மாட்டார். நாளை ஓர் அதிகாரி வந்து "இது யார் நாய்?" என்று கேட்டால், சோறு போட்ட அம்மா என்ன சொல்வார்? என் நாய் என்றால் 5,000 ரூபாய். என் நாய் இல்லை என்றால் வண்டியில் ஏற்றிப் போவார்கள். உரிமம் எடுக்கலாம் என்றால் இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும், முகவரிச் சான்று வேண்டும், தடுப்பூசிச் சான்று வேண்டும். புறம்போக்கில் குடியிருப்பவர்கள், ஒதுக்கீட்டு ஆணைக்காக வாரிய அலுவலகத்துக்கு அலைபவர்கள் தங்களுக்கே முகவரி இல்லாமல் நிற்கிறார்கள். நாய்க்கு எங்கிருந்து கொண்டுவருவது?

நாயை வைத்து நம்மை ஆள்வது இந்த மண்ணில் புதிதல்ல. மனுநூலின் பத்தாம் அத்தியாயம் சண்டாளர்களை ஊருக்கு வெளியே வைக்கச் சொல்கிறது. நாயும் கழுதையும்தான் அவர்களின் சொத்து என்கிறது. சரி, அந்தச் சொத்தையாவது விட்டார்களா? மதுரை மாவட்டத்தின் சில சிற்றூர்களில் தலித்துகள் ஆண் நாய் வளர்க்கக் கூடாது என்ற கட்டுப்பாடு இருந்ததைத் தீண்டாமை குறித்த கள ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. ஊர்த்தெருப் பெட்டை நாயோடு சேரி நாய் சேர்ந்துவிடக் கூடாதாம். 1927இல் மகாடு சவுதார் குளத்தில் மிருகங்கள் தண்ணீர் குடிக்கத் தடையில்லை. மனிதர்களான நமக்குத் தடை. அண்ணல் அம்பேத்கர் அந்தத் தடையைத்தான் உடைத்தார்.

இன்றைய விதிகளுக்கு வருவோம். 2023ஆம் ஆண்டு விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் தெருநாயைச் 'சமூக விலங்கு' என்கின்றன. அவற்றுக்கு உணவளிக்க ஏற்பாடு செய்யும் பொறுப்பைக் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கும் அடுக்ககச் சங்கத்துக்கும் உள்ளாட்சிப் பிரதிநிதிக்கும் தருகின்றன. தகராறு வந்தால் ஒரு குழு கூடும். அதிலும் நலச் சங்கத்துக்கு இடம் உண்டு. நம் தெருக்களில் எத்தனை இடத்தில் பதிவு பெற்ற நலச் சங்கம் இருக்கிறது? அடுக்ககத்துக்காரர்கள் மனு எழுதுவார்கள், அவர்கள் வாசலிலிருந்து நாய் நகரும். நகரும் நாய் எங்கே போகும்? குப்பை இருக்கும் இடத்துக்குப் போகும். குப்பை எங்கே இருக்கிறது? கொடுங்கையூரில், பெருங்குடியில், அள்ளப்படாத நம் தெருமுனைகளில். நகரம் குப்பையைக் கொட்டுகிற இடத்தில்தான் நாயையும் கொட்டுகிறது.

கடி வாங்குவது யார்? விடியுமுன் துடைப்பத்தோடு தெருவில் இறங்கும் தூய்மைப் பணியாளர், நடந்தே பள்ளிக்குப் போகும் பிள்ளை, நடைபாதையில் தூங்குபவர். வெறிநாய் சந்தேகமுள்ள கடிக்கு ஆளாவோரில் 40 விழுக்காட்டினர் 15 வயதுக்குட்பட்ட குழந்தைகள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரேபிஸ் அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது ஏறத்தாழ இல்லை. ஆனால் உடனே புண்ணைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, முறையாகத் தடுப்பூசி போட்டால் சாவைத் தடுத்துவிடலாம். அந்த ஊசி கடித்த அன்று, 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள். தினக்கூலிக்கு அது நான்கு நாள் சம்பளம். மூன்றாவது ஊசியோடு நிறுத்துகிறவர்களை 'விழிப்புணர்வு இல்லாதவர்கள்' என்று எழுதுகிறார்கள். அவர்களிடம் இல்லாதது அந்த நாள் கூலி. ஆழமான கடிக்கு இம்யூனோகுளோபுலின் மருந்தும் வேண்டும். அதற்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் பஸ் காசும் சேர்கிறது.

2025 ஆகஸ்டை நினைத்துப் பாருங்கள். 11ஆம் தேதி டெல்லித் தெருநாய்களைக் காப்பகங்களில் அடைக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். உடனே தலைநகரில் போராட்டம், தொலைக்காட்சி விவாதம். 22ஆம் தேதிக்குள் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது: கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடு. அந்த நாய்களுக்காக நான் மகிழ்கிறேன். அதே வாரத்தில், 13ஆம் தேதி நள்ளிரவில், தனியார்மயத்தை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன் அமர்ந்திருந்த தூய்மைப் பணியாளர்களைப் போலீஸ் தூக்கிப்போய் வண்டியில் ஏற்றியது. பிடித்த இடத்திலேயே விடு என்று அவர்களுக்காக எத்தனை பேர் கேட்டார்கள்?

இதைச் சொன்னதும் இரண்டு கூட்டம் வரும். ஒன்று, "அப்படியானால் எல்லா நாயையும் கொன்றுவிடலாமா?" என்று கேட்கும். வேண்டாம். சென்னையில் 1996 வரை மாநகராட்சி நாய்களைக் கொன்றுகொண்டுதான் இருந்தது. நாய் ஒழியவில்லை. பிடிக்கும் வேலையும் கொல்லும் வேலையும் யார் தலையில் விழுந்தன என்று விசாரித்துப் பாருங்கள். மற்றொரு கூட்டம், கடிபட்ட பிள்ளையின் தாயைப் பார்த்து "உங்களுக்கு இரக்கமில்லை" என்று பாடம் எடுக்கும். காருக்குள் இருந்து பிஸ்கட் போடுகிறவர், விடியுமுன் தெருக்கூட்டுகிறவருக்கு இரக்கம் கற்றுத்தர வேண்டியதில்லை.

நாம் கேட்க வேண்டியவை இவை. உரிமம், சிப், தடுப்பூசி முகாம்கள் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் வர வேண்டும், ஞாயிற்றுக்கிழமையில் வர வேண்டும். முகவரிச் சான்று இல்லாதவருக்கும் உரிமம் வேண்டும். முகாமே நடக்காத தெருவில் அபராதம் கூடாது. தெருவே வளர்க்கும் நாயைத் தெருவின் பெயரில் பதிய வழி வேண்டும். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் ஒவ்வொன்றிலும் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் வேண்டும். தூய்மைப் பணியாளருக்கும் நாய் பிடிப்பவருக்கும் முன்கூட்டியே தடுப்பூசி, கடிபட்டால் சம்பளத்தோடு விடுப்பு, நிரந்தர வேலை வேண்டும். குப்பை தினமும் அள்ளப்பட வேண்டும்.

மாணவத் தோழர்கள் இந்த வாரமே ஒன்று செய்யலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு, 10 ரூபாய்க் கட்டணம். உங்கள் மண்டலத்தில் வார்டு வாரியாகக் கடந்த மூன்றாண்டுகளில் எத்தனை நாய்களுக்குக் கருத்தடை செய்தீர்கள்? உரிம முகாம்கள் எந்தெந்தத் தெருக்களில் நடந்தன? கடிபட்ட தூய்மைப் பணியாளர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு என்ன கொடுத்தீர்கள்? பதில் வந்ததும் வார்டு வரைபடத்தை எடுத்து, சேரி எங்கே, முகாம் எங்கே என்று குறியுங்கள். அந்த வரைபடத்தோடு மண்டல அலுவலகத்துக்குப் போவோம்.