இன்சுலின் பம்பு: பெட்டி மட்டும் கொடுத்தால் போதுமா?

சர்க்கரை வியாதி பணக்காரர் வியாதி என்ற பேச்சு இன்னும் நம் ஜனங்களிடையே இருக்கிறது. உட்கார்ந்து தின்பவனுக்கு வரும், உழைத்துத் தின்பவனுக்கு வராது என்று பலர் நினைக்கிறார்கள். இது தவறு. அதிலும் முதல் வகை நீரிழிவு என்பது ஏழை, பணக்காரன் என்று பார்த்து வருவதில்லை. உடலின் எதிர்ப்புச் சக்தியே வழி தவறி, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்களை அழித்துவிடுகிறது. பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலும் இளம் வயதிலும் இது வருகிறது. இனிப்புத் தின்றதால் வந்ததல்ல. தாய் தகப்பன் செய்த குற்றமும் அல்ல. இதற்கு மாத்திரை ஈடாகாது. இன்சுலின் இருந்தால் உயிர் உண்டு, இல்லையேல் இல்லை.

இந்த இன்சுலினை ஒரு நாளைக்கு நான்கு முறை ஊசியில் ஏற்றிக்கொள்வது ஒரு வழி. பம்பு என்பது மற்றொரு வழி. இதைப் பற்றி இப்போது பத்திரிகைகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் அதிகம் பேசப்படுகிறது. எனவே உழைப்பாளி மக்கள் இந்த விஷயத்தைத் தெளிவாகப் புரிந்துகொள்வது அவசியம்.

பம்பு என்ன செய்கிறது?

1963-ம் ஆண்டு அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்து டாக்டர் அர்னால்டு கடிஷ் என்பவர் செய்த முதல் இன்சுலின் பம்பு, முதுகில் மூட்டை போலச் சுமக்க வேண்டிய அளவில் இருந்தது. 1978-ல் லண்டன் கைஸ் ஆஸ்பத்திரி டாக்டர்கள், தோலுக்கடியில் இடைவிடாமல் இன்சுலின் செலுத்தும் முறையின் பலனை வெளியிட்டார்கள். இன்று அந்த இயந்திரம் உள்ளங்கையில் அடங்கிவிடும். இடுப்பில் மாட்டிக்கொள்ளலாம். அதற்குள் உள்ள கூட்டில் 200 முதல் 300 யூனிட் வரை இன்சுலின் நிற்கும். இரவும் பகலும் சொட்டுச் சொட்டாக அது உடலுக்குள் போகும். சாப்பிடும் வேளையில் கணக்குப் பார்த்துக் கூடுதலாகப் போடவேண்டும்.

நம் விவசாயத் தோழர்களுக்குப் பம்புசெட்டைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. மோட்டார் எவ்வளவு உயர்ந்ததானாலும் குழாய் வெடித்தால் வயல் காய்ந்துபோகும். இங்கும் அதே கதைதான். பெட்டியிலிருந்து உடலுக்கு இன்சுலினைக் கொண்டுபோகும் மெல்லிய குழாயும், தோலுக்குள் நிற்கும் சிறு குழலும், அதைப் பிடித்திருக்கும் ஒட்டும் சேர்ந்ததற்கு இன்பியூஷன் செட் என்று பெயர். பெட்டி சில ஆண்டுகள் உழைக்கும். செட் உழைக்காது. சாதாரணமாக இரண்டு அல்லது மூன்று நாளைக்கு ஒரு முறை அதை எடுத்தெறிந்துவிட்டுப் புதியது போடவேண்டும். மூன்று நாளைக்கு ஒன்று என்றால் ஆண்டுக்கு 122. இரண்டு நாளைக்கு ஒன்று என்றால் 182.

செட் மாற்றுவது

இந்த வேலை எப்படிப்பட்டது? கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். புதிய கூட்டில் இன்சுலினை நிரப்பி, காற்றுக் குமிழி இல்லாமல் பார்க்கவேண்டும். குழாய் உடலில் மாட்டாமல் இருக்கும்போதே, நுனியில் சொட்டு வரும்வரை இன்சுலினை ஓட்டவேண்டும். பிறகு வயிறு, தொடை, இடுப்பு என்று புதிய இடம் தேடவேண்டும்; தொப்புளிலிருந்து இரண்டு அங்குலமாவது தள்ளி இருக்கவேண்டும். ஊசியைக் குத்தி உருவினால் மெல்லிய குழல் மட்டும் உள்ளே நிற்கும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தினால் அங்கே சதை தடித்துக் கட்டியாகி, இன்சுலின் சரியாக இறங்காது. ஆகவே விவசாயி பயிர் மாற்றி விதைப்பதுபோல் இடம் மாற்றி மாற்றிப் போடவேண்டும். போட்டபின் ஒன்றிரண்டு மணி நேரத்தில் சர்க்கரையைச் சோதிக்கவேண்டும். படுக்கப்போகும் நேரத்தில் மாற்றக்கூடாது என்பதற்குக் காரணமும் இதுதான்: குழல் மடங்கியிருந்தால் தூக்கத்தில் தெரியாது.

மடங்கினால் என்ன ஆகும்? பம்பில் போடுவது வேகமாக வேலைசெய்து வேகமாகத் தீர்ந்துபோகும் இன்சுலின். உடலில் சேமிப்பு எதுவும் கிடையாது. ஓட்டம் நின்றால் சில மணி நேரத்திலேயே ரத்தத்தில் சர்க்கரை ஏறி, கீட்டோன் என்ற அமிலம் சேர்ந்து, வாந்தியும் மூச்சிரைப்பும் கண்டு, உயிருக்கே ஆபத்தாகிவிடும். காரணம் தெரியாமல் சர்க்கரை ஏறினால் அந்தக் குழாயையே நம்பி மேலும் மேலும் தள்ளுவதில் பயனில்லை. டாக்டர் சொல்லிக்கொடுத்த அளவைச் சிரிஞ்சியில் ஏற்றிக்கொண்டு, செட்டை மாற்றவேண்டும். பம்பு கட்டியவன் கையில் எப்போதும் ஒரு மாற்றுச் செட்டும், இன்சுலினும், சிரிஞ்சியும் இருக்கவேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

இப்போது சர்க்கரையைத் தானே அளந்து, அளவைத் தானே கூட்டிக் குறைக்கும் பம்புகளும் வந்துவிட்டன. ஆனால் அவற்றிலும் குழலோ ஒட்டோ மாற்றாமல் முடியாது. விஞ்ஞானம் வளர்ந்திருக்கிறது; மூன்றாம் நாள் கணக்கு தீரவில்லை.

உழைக்கும் இடத்தில்

நூல் மில்லின் உள்ளே நிற்பவனை நினைத்துப் பாருங்கள். புழுக்கமும் பஞ்சுத் தூசும் நிறைந்த இடம். வியர்வையில் ஒட்டு கழன்றுவிடும். வெப்பத்தில் இன்சுலின் வீரியம் இழக்கும். நாற்று நடும் பெண் நாள் முழுவதும் குனிந்து நிற்கிறாள். இடுப்பில் குழாய் மடங்கினால் கழுவிய கையும், சுத்தமான இடமும், கால் மணி நேர ஓய்வும் யார் தருவார்கள்? மிஷினை விட்டு நகர்ந்தால் மேஸ்திரி கேள்வி கேட்பான். வரப்பில் உட்கார்ந்தால் அரைக் கூலி பிடிப்பார்கள். வியாதி ஒரு பக்கம். வேலை நிலைமை மறுபக்கம். இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் பம்பைப் பற்றிப் பேசுவது வெறும் பேச்சாகும்.

"சிரிஞ்சிக்கும் சோதனைப் பட்டைக்கும் வழியில்லாத இடத்தில் லட்சக்கணக்கில் விலையுள்ள பம்பு எதற்கு? அது வசதி படைத்தவன் பொருள்" என்று நம் தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1983 முதல் 1993 வரை 1,441 பேரை வைத்து ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்தது. சர்க்கரையை நெருக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குக் கண் கெடும் அபாயம் 76 சதவீதம் குறைந்தது என்று கண்டார்கள். அவர்களில் சிலர் பம்பு கட்டியவர்கள். மற்றவர்கள் நாளைக்கு மூன்று, நான்கு ஊசி போட்டவர்கள். ஆக, பம்பு இல்லாவிட்டால் வாழ்வில்லை என்பது பொய். தடையற்ற இன்சுலினும், சிரிஞ்சியும், சோதனைப் பட்டையும்தான் முதல் கோரிக்கை. இந்த வரிசையை மாற்றலாகாது.

ஆனால் அந்த நியாயத்தை வைத்துக்கொண்டு, பம்பு ஏழைக்கு வேண்டாம் என்று கதவை மூடுவதை நாம் ஒப்புக்கொள்ள முடியாது. அடிக்கடி சர்க்கரை இறங்கி மயங்கி விழுபவர்களும், சின்னஞ்சிறு குழந்தைகளும், கர்ப்பிணிப் பெண்களும் இருக்கிறார்கள். டாக்டர் பம்பு அவசியம் என்று சொன்னால் அது மருந்து. மருந்துக்குப் பணக்கார மருந்து, ஏழை மருந்து என்று ஜாதி பிரிப்பது யார் வேலை?

ஒரு டாலரும் லாப வேட்டையும்

இன்சுலினின் சரித்திரமே இதற்குப் பதில் சொல்கிறது. 1921-ல் கனடாவின் டொரண்டோ நகரில் பாண்டிங்கும் பெஸ்ட்டும் இதைக் கண்டார்கள். காலிப் அதைச் சுத்தப்படுத்தினார். 1923-ல் மூவரும் தங்கள் உரிமையைத் தலைக்கு ஒரு டாலருக்கு டொரண்டோ பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். உயிர் மருந்தில் லாபம் தேடக்கூடாது என்பதே அவர்கள் எண்ணம்.

பின்னால் என்ன நடந்தது? அமெரிக்காவில் 1996-ல் சுமார் 21 டாலருக்கு விற்ற ஒரு வகைப் புட்டியின் விலை, 2017-ல் சுமார் 275 டாலர் ஆயிற்று. அதே 2017-ல் மினசோட்டா மாநிலத்தில் அலெக் ஸ்மித் என்ற 26 வயதுத் தொழிலாளி, தாயின் இன்சூரன்சில் இருக்கும் வயது கடந்தபின், இன்சுலின் வாங்கப் பணமில்லாமல் மாண்டுபோனார். உலகத்தின் பெரும் பணக்கார நாட்டில் நடந்தது இது! பெற்றோரும் நோயாளிகளும் வீதிக்கு வந்தார்கள். 2019-ல் கூட்டமாக எல்லை தாண்டிக் கனடாவுக்குப் போய் மருந்து வாங்கி, உலகமே பார்க்கச் செய்தார்கள். 2020-ல் மினசோட்டாவில் அவர் பெயரால் சட்டம் வந்தது. 2023-ல் பெரிய கம்பெனிகள் விலையைக் குறைப்பதாக அறிவித்தன. கம்பெனிகளுக்குத் திடீரென்று கருணை பிறந்ததா? இல்லை. ஜனங்களின் குரலும் சட்டத்தின் நெருக்குதலும் சேர்ந்து குறைக்க வைத்தன.

மறுபுறம் இங்கிலாந்தைப் பாருங்கள். அங்கே 1948 முதல் பொது மருத்துவ சேவை இருக்கிறது. தானே அளவு பார்க்கும் பம்பைக் குழந்தைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், சர்க்கரை கட்டுக்குள் வராத பெரியவர்களுக்கும் கொடுக்கலாம் என்று 2023 டிசம்பரில் முடிவு செய்தார்கள். ஒரே நாளில் எல்லோருக்கும் கிடைத்துவிடவில்லை. ஐந்தாண்டுத் திட்டமாகவே வைத்தார்கள். ஆனால் பம்புக்குத் தகுதி பெற்றவருக்குச் செட்டும் சேர்ந்தே கிடைக்கிறது. இதுதான் நாம் கவனிக்கவேண்டிய பாடம்.

நம் கோரிக்கை

பெட்டியைத் தானமாகக் கொடுத்துப் படம் பிடித்துக்கொள்வது சுலபம். பத்துச் செட் உள்ள டப்பா முப்பது நாளில் தீர்ந்துவிடும். முப்பத்தோராம் நாள் அந்தக் குடும்பம் என்ன செய்யும்? மூன்று நாள் செட்டை ஐந்து நாள் ஓட்டும். தோல் சிவந்து சீழ் பிடிக்கும். இல்லையேல் பெட்டி பெட்டியடியில் போய்ச் சேரும். எனவே சர்க்கார் பம்பு கொடுத்தால் செட்டையும், கூட்டையும், சோதனைப் பட்டையையும் மாதந்தோறும் தடையின்றிக் கொடுக்கவேண்டும். மாற்றும் முறையைத் தாய்க்கும் நோயாளிக்கும் தமிழில் பொறுமையாகச் சொல்லித்தர நர்சுகள் வேண்டும்.

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை நிலைகளைப் பட்டியலிட்டது. ரத்தம் உறையாத நோயும், தலசீமியாவும் அதில் இடம் பெற்றன. முதல் வகை நீரிழிவு இடம் பெறவில்லை. அது அந்தப் பட்டியலில் சேரவேண்டும் என்பது நம் அபிப்பிராயம்.

சர்க்கார் செய்யட்டும் என்று நாம் கைகட்டி இருக்கவேண்டாம். மில் சங்கங்கள் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் ஒரு வரி சேர்க்கட்டும்: இன்சுலின் போட்டுக்கொள்ளவும், செட் மாற்றவும், சர்க்கரை சோதிக்கவும் கூலி பிடிக்காத ஓய்வும், சுத்தமான ஓர் இடமும், மருந்து வைக்கக் குளிர்ந்த பெட்டியும் வேண்டும். விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகள், தங்கள் கிராமத்தில் இன்சுலின் ஊசி போடும் குழந்தைகள் எத்தனை பேர் என்று கணக்கெடுத்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்க் கேட்கட்டும். கேட்பவன் ஒருவனானால் விரட்டுவார்கள். ஊரே போய் நின்றால் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்.