பெயருக்கு வந்த கோபம் சாக்கடைக்கு வரவில்லையே!

2010 ஆகஸ்டில் லான்செட் குழும இதழ் ஒன்றில் ஒரு ஆய்வுக் கட்டுரை வந்தது. முதல் ஆசிரியர் கார்த்திகேயன் குமாரசாமி, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தைச் சேர்ந்தவர். ராஜகீழ்ப்பாக்கத்தில் பஸ் ஏறினால் வேளச்சேரி தாண்டி வரும் அதே தரமணிதான். கார்பாபெனெம் என்ற கடைசிக் கட்ட மருந்தையே உடைத்துப் போடும் என்.டி.எம்-1 மரபணு, சென்னையில் மட்டும் 44 கிருமி மாதிரிகளில் இருந்தது என்றது கட்டுரை.

நாடு கொதித்தது. எதற்கு? பெயரில் 'நியூ டெல்லி' இருக்கிறதாம்! மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கும் சதியாம்! 2011 ஜனவரியில் லான்செட் ஆசிரியர் ரிச்சர்ட் ஹார்ட்டன் பெயருக்காக மன்னிப்புக் கேட்டார். மானம் பிழைத்தது. மரபணு மட்டும் போகவில்லை.

அடுத்த பழி நோயாளி மேல். "மாத்திரையை முழுசாகச் சாப்பிடாததால் வந்த வினை" என்கிறார்கள். இது பாதி உண்மை. என்.டி.எம்-1 மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிட் என்ற வட்ட டி.என்.ஏ.வில் இருக்கிறது. ஒரு பாக்டீரியா அதை வேறு இனத்துக்கும் ரெடிமேடாகக் கொடுத்துவிடும். வாங்கிய கிருமி ஒரு மாத்திரையைக்கூடப் பார்த்திருக்க வேண்டியதில்லை.

யார் யாருக்குக் கொடுக்கலாம்? அதில் செல்லின் மேற்பரப்புக்குப் பெரிய பங்கு உண்டு. கொடுக்கும் செல் பைலஸ் என்ற நூலை நீட்டி, அடுத்த செல்லைப் பிடித்து இழுக்கிறது. பிறகு அதன் வெளிச்சவ்வில் உள்ள ட்ராஎன் புரதம், எதிராளியின் வெளிச்சவ்வுப் புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. ட்ராஎன்னில் நான்கு வகை, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜோடி என்று லண்டன் இம்பீரியல் கல்லூரிக் குழு 2022ல் காட்டியது. பூட்டும் சாவியும் மாதிரி. க்ளெப்சியெல்லாவின் சர்க்கரை உறை ஒரு தடுப்புச் சுவர். ஆனால் உறையை இழந்த க்ளெப்சியெல்லா பிளாஸ்மிட்டை இன்னும் எளிதாக வாங்குகிறது என்று 2021ல் வந்த இன்னொரு ஆய்வு சொல்கிறது.

ஆக, சாவி பூட்டைச் சந்திக்க வேண்டும். செல்லும் செல்லும் உரச வேண்டும். பல இனக் கிருமிகள் நெருக்கியடித்து வாழும் இடம் எது? சாக்கடை! 2010ல் டெல்லியில் எடுத்த 171 தேங்கிய நீர் மாதிரிகளில் 51லும், 50 குழாய் நீர் மாதிரிகளில் 2லும் இந்த மரபணு இருந்தது. காலரா கிருமியிலும்கூட! அதற்கும் மறுப்பு அறிக்கைதான் பதில்.

2012ல் சென்னைப் பிரகடனம் வந்தது. 2014 மார்ச் முதல் எச்-1 அட்டவணை அமலானது. மருந்துக் கடைக்குக் கடிவாளம் போட்டது நல்லதுதான். ஆனால் கடையில் மாத்திரைக்குச் சீட்டுக் கேட்கலாம், சாக்கடையில் பிளாஸ்மிட்டிடம் யார் சீட்டுக் கேட்பது?

தாம்பரத்துக்குக் கிழக்கே செப்டிக் டேங்கையும் கழிவுநீர் லாரியையும் நம்பி ஊர்கள் வளர்ந்தன. செம்பாக்கம் ஏரி பல வருடம் கழிவுநீரைக் குடித்தது. இதை வெறும் நாற்றப் பிரச்சினை, கொசுப் பிரச்சினை என்று பேசுவதே ஏமாற்று. ஆஸ்பத்திரிக் கழிவுநீர் சுத்திகரிக்கப்படாமல் வெளியே வரக்கூடாது. ஏரி நீரிலும் கழிவுநீரிலும் எதிர்ப்பு மரபணு இருக்கிறதா என்று மாநகராட்சி தொடர்ந்து சோதித்து, முடிவை வார்டு வாரியாக மக்களுக்குச் சொல்ல வேண்டும். பெயருக்காகப் போட்ட கூச்சலில் கால்வாசி இதற்குப் போட்டால் போதும்.