இருபது பவுண் விலங்கு

இங்கிலாந்தின் முதற்பிரிவு உதைபந்தாட்ட வரலாற்றில் 1960-61 ஆம் ஆண்டுப் பருவம் டொட்டன்ஹாம் கழகத்தின் பெயரால் நினைவுகூரப்படுகிறது. முதல் 11 ஆட்டங்களையும் தொடர்ந்து வென்று, 42 ஆட்டங்களில் 115 கோல்களும் 66 புள்ளிகளும் ஈட்டிய அக்கழகம் எப்.ஏ. கிண்ணத்தையும் கைப்பற்றியது. ஒரே பருவத்தில் இவ்விரண்டையும் வென்ற கழகம் அந்நூற்றாண்டில் அதற்குமுன் இருந்ததில்லை. பயிற்றுநர் பில் நிக்கல்சனைப் போற்றுவோர் போற்றட்டும், யாமும் போற்றுகின்றோம். எனினும் அதே பருவத்தில் ஆட்டக்காரர் தம் முதலாளிமாருடன் நடத்திய போராட்டத்தைப் பேசுவார் சிலரே.

அந்நாளில் ஆட்டக்காரன் எவனுக்கும் வாரத்திற்கு 20 பவுணுக்கு மேல் வழங்கலாகாது என்பது விதி. கோடை விடுமுறையில் 17 பவுண். மைதானம் நிரம்பி வழியச் செய்தவன் அவனே. நுழைவுக் கட்டணம் எவ்வளவு பெருகினும் அவன் ஊதியம் அவ்வெல்லையைத் தாண்டாது. இதனினும் கொடியது மற்றொரு விதி. ஒப்பந்தம் முடிந்த பின்னரும் கழகம் அவனைத் தன்னிடமே தக்கவைத்துக் கொள்ளலாம். புதிய ஒப்பந்தத்தில் அவன் ஒப்பமிட மறுப்பின் சம்பளமும் இல்லை, வேறு கழகத்தில் ஆடவும் இயலாது. கமக்காரருக்கு இதனை விளக்க நீண்ட உரை வேண்டுமா? குத்தகை முடிந்த பின், "என் நிபந்தனைக்கு இணங்காவிடின் என் வயலிலும் உழாதே, பிறன் வயலிலும் உழாதே" என்று நிலச் சொந்தக்காரன் கூறுவானாயின் அதனை நீதி என்பார் யார்?

இக்கட்டுப்பாடு நீங்கின் செல்வக் கழகங்கள் சிறு கழகங்களை விழுங்கிவிடும் என்றனர் லீக் நிர்வாகிகள். அச்சம் முற்றும் பொய்யன்று. ஆனால் ஏழைக் கழகத்தைக் காக்கும் செலவை ஆட்டக்காரனின் சட்டைப்பையிலிருந்து எடுப்பானேன்? அதற்கு அவர்களிடம் தக்க விடை இருக்கவில்லை.

புல்ஹாம் கழகத்தில் ஆடிய ஜிம்மி ஹில் தலைமையில் ஆட்டக்காரர் சங்கம் வேலைநிறுத்தத்திற்கு நாள் குறித்தது: 1961 ஜனவரி 21. புகழ்பெற்றோரும் பெயரறியாதோரும் ஒருசேர நின்றனர். மூன்று நாட்களுக்கு முன்னரே லீக் பணிந்தது. ஊதிய உச்சவரம்பு ஒழிந்தது. அவ்வாண்டிலேயே ஜொனி ஹெயின்ஸ் வாரம் 100 பவுண் பெறும் ஆட்டக்காரரானார்.

தக்கவைக்கும் விதியோ அவ்வாறு ஒழியவில்லை. அதனைத் தளர்த்துவதாக ஒப்புக்கொண்ட லீக், வேலைநிறுத்த அபாயம் நீங்கியதும் பின்வாங்கியது. ஒப்பந்தம் பேசி ஏமாந்தோர்க்கு இது புதுமையாயிராது. எஞ்சியது நீதிமன்றம். 1960 இல் நியூகாசில் கழகத்தில் மீண்டும் ஒப்பமிட மறுத்து, பல மாதம் ஆடாது வேறு தொழில் பார்த்து, பின் ஆர்செனலுக்கு மாறியவர் ஜோர்ஜ் ஈஸ்ட்ஹாம். மாற்றம் கிடைத்த பின்னரும் அவர் வழக்கைக் கைவிடவில்லை. சங்கமும் பணம் கொடுத்து உடன்நின்றது. தக்கவைக்கும் விதி தொழில் உரிமைக்கு நியாயமற்ற தடையெனவும், சட்டத்தில் செல்லாதெனவும் 1963 யூலையில் நீதிபதி வில்பர்போர்ஸ் தீர்ப்பளித்தார்.

ஆயினும் மாற்றுக் கட்டணம் தொடர்ந்தது. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரன், ஐரோப்பியச் சமூக நாடொன்றிலிருந்து மற்றொன்றின் கழகத்திற்குக் கட்டணமின்றிச் செல்லலாம் என்ற தீர்ப்பு, பெல்ஜிய ஆட்டக்காரர் பொஸ்மன் தொடுத்த வழக்கில் 1995 டிசம்பரிலேதான் கிடைத்தது.