பெட்டியில் உறங்கும் சின்னச் சட்டைகள்

குழந்தை பிறந்து ஏழெட்டு வருஷங்கள் ஆன வீடுகளில் துணி பீரோவை ஜாக்கிரதையாகத்தான் திறக்க வேண்டியிருக்கிறது. கதவைத் திறந்த மாத்திரத்தில் மேல் தட்டிலிருந்து ஒரு மூட்டை தலைமேல் வந்து விழும். அவிழ்த்துப் பார்த்தால் உள்ளங்கை அகலத்தில் ஜபலாக்கள், ஒரே ஒரு தீபாவளியைக் கண்ட பட்டுச் சட்டை, பள்ளி விழாவில் பாரதியார் வேஷத்துக்கென்று தைத்த கறுப்புக் கோட்டு, ஒற்றைக் காலுறை. இவற்றை அணிந்திருந்த பிள்ளை தெருவில் சைக்கிள் விட்டுக்கொண்டிருப்பான்.

"இதையெல்லாம் யாருக்காவது கொடுத்துவிடக் கூடாதா?" என்று வீட்டுக்காரர் கேட்பார். தாயார் பதில் சொல்லமாட்டாள். மூட்டை மறுபடியும் கட்டப்பட்டு, அதே தட்டுக்குப் போய்ச் சேரும்.

அந்த மூட்டையைப் பற்றித்தான் இன்று சொல்ல நினைக்கிறோம். ஞாயிற்றுக்கிழமையில் எழுதுவதற்கு வேறு விஷயமே கிடைக்கவில்லையா என்று சிலர் கேட்கக்கூடும். அவர்கள் தயவுசெய்து தங்கள் வீட்டுப் பரணை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வரட்டும்.

குழந்தைக்கு எடுக்கும் துணி வெகு சீக்கிரம் சிறிதாகிவிடுவது யாருடைய குற்றமும் அல்ல. பிறக்கும்போது ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் நீளமிருக்கும் சிசு, ஆண்டு நிறைவின்போது 75 சென்டிமீட்டர் அளவுக்கு வந்துவிடுகிறது, எடை மும்மடங்காகிறது. இரண்டாம் வருஷத்தில் இன்னுமொரு 12 சென்டிமீட்டர். அதற்குப் பின்னரே வேகம் குறைந்து, வருஷத்துக்கு ஆறேழு சென்டிமீட்டர் என்று நிதானத்துக்கு வருகிறது. ஆகவே முதல் வருஷத்தில் வாங்கும் எந்தச் சட்டைக்கும் ஆயுள் மூன்று மாதம், மிஞ்சினால் நான்கு மாதம்.

முன்பெல்லாம் தையற்காரர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். பாவாடைக்கு அடியில் இரண்டு மூன்று 'டக்' பிடித்துத் தைப்பார்கள். பெண் வளர வளர, தாயார் வருஷத்துக்கு ஒரு டக்கைப் பிரித்துவிடுவாள். பிரித்த இடத்தில் துணி மட்டும் சாயம் போகாமல் பளிச்சென்று ஒரு கோடாகத் தெரியும். பையன்களுக்கோ, தோள் முழங்கை வரை தொங்கும்படி, "வளர்கிற பிள்ளை" என்று சொல்லிச் சொல்லியே தைத்தார்கள். மூத்தவன் போட்டது இளையவனுக்கு வரும்; அவனுக்குப் பின் சித்தப்பா மகனுக்குப் போகும். இப்போது நமக்குக் கிடைப்பவை மாதக் கணக்கில் அளவு குறித்து வரும் ஆயத்த ஆடைகள். பிரித்து நீட்டுவதற்கு அவற்றில் ஒரு அங்குலத் துணி கூட மிச்சமில்லை. இத்துடன் ஆடித் தள்ளுபடி. பிறந்தநாளுக்கு வந்தவர்கள் கொடுத்த பொட்டலங்கள். குழந்தையைப் பார்த்து ஒரு வருஷமான மாமா, பழைய உருவத்தை மனத்தில் வைத்து வாங்கி வரும் சட்டை. வீட்டில் ஒரே பிள்ளை என்றால், வாங்கிக்கொள்ளத் தம்பியும் இல்லை, தங்கையும் இல்லை. மூட்டை பெருக்காமல் என்ன செய்யும்?

சரி, கொடுத்துவிடலாமே என்றால், கை வரமாட்டேன் என்கிறது. இதைக் கருமித்தனம் என்று ஏளனம் செய்பவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. புடவையைக் கூசாமல் தானம் செய்கிற கை, ஒரு சாண் சட்டையைக் கொடுக்கத் தயங்குகிறது. அதன் கழுத்தோரத்தில் பால் கக்கிய கறை இருக்கிறது. முதன்முதலில் குப்புற விழுந்த நாளில் போட்டிருந்த சட்டை அது. படம் எடுத்து வைத்திருக்கலாமே என்றால், படத்தை முகர்ந்து பார்க்க முடியுமா? பிள்ளை இனி அவ்வளவு சின்னவனாக இருக்கப்போவதில்லை என்பதைத் தாய்க்கு அடித்துச் சொல்லும் பொருள் வீட்டில் அது ஒன்றுதான்.

இன்னும் சில வீடுகளில் அந்தப் பெட்டிக்கு வேறொரு கனம் உண்டு. இன்னொரு குழந்தை வேண்டும் என்று வருஷக்கணக்கில் காத்திருப்பவள் அதை எடுத்துக் கொடுத்துவிட்டால், தன் ஆசையையே எடுத்துக் கொடுத்துவிட்டதாக ஆகிவிடும் என்று அஞ்சுகிறாள். அந்தச் சட்டைகளைப் போட்டுக்கொண்டிருந்த குழந்தையையே பறிகொடுத்த வீடுகளும் உண்டு. இத்தகைய இடங்களில், 'நல்லதுக்குத்தான்' என்று நினைத்துக்கொண்டு, அவள் ஊருக்குப் போயிருக்கும் சமயம் பார்த்துப் பெட்டியைக் காலிசெய்யும் உறவினர்கள் இருக்கிறார்கள். இதைக் காட்டிலும் கொடுமையான காரியம் அதிகமில்லை. அந்தப் பெட்டியைத் திறக்க வேண்டிய கை அவளுடையது. திறக்க வேண்டிய நாளும் அவள் குறிப்பது. அது பத்து வருஷமானாலும் ஆகட்டும். இந்தக் கட்டுரை அவளுக்காக எழுதப்பட்டதல்ல.

மற்றவர்களுக்கு நாம் சொல்லக்கூடியது, துணி நம் நினைவைப் போல் காத்திருப்பதில்லை என்பது. கஞ்சி போட்டு மடித்து வைத்த பருத்திச் சட்டையை இராமபாணப் பூச்சி தேடி வந்து அரிக்கிறது. பட்டையும் கம்பளியையும் அந்துப்பூச்சி பார்த்துக்கொள்கிறது. துவைத்தும் போகாத பால் கறை, வைக்கும்போது கண்ணுக்குத் தெரியாமல் இருந்து, இரண்டு வருஷத்தில் மஞ்சளாக எழும்புகிறது. ஜட்டியின் இலாஸ்டிக் இழுத்தால் திரும்பி வருவதில்லை. கடற்கரை ஊர்களில் ஜரிகை கறுத்துப்போகிறது. ஐந்து வருஷம் கழித்து மனம் வந்து கொடுக்கப் போனால், வாங்கிக்கொள்கிறவருக்கு அது சட்டையாக இருப்பதில்லை.

பூச்சிக்குப் பயந்து பலர் அந்துருண்டை போடுகிறார்கள். பாச்சை உருண்டை என்று கடையில் கேட்டு வாங்குகிறோமே, நாப்தலீன், அதுதான். கைக்குழந்தையின் துணியில் இதைப் போடவே கூடாது என்று அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். ஜி-6-பி-டி என்னும் ஒரு நொதி இரத்தத்தில் பிறவியிலேயே குறைந்த குழந்தைகள் உண்டு. நம் நாட்டிலும் உண்டு. ஆண் குழந்தைகளிடம் இது அதிகம். பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. இரத்தத்தைச் சோதித்தால்தான் தெரியும். உருண்டையின் நெடி ஏறிய துணியை அத்தகைய சிசுவுக்கு உடுத்தினால், அந்த ஆவி மூச்சின் வழியாகவும் தோலின் வழியாகவும் உள்ளே சென்று சிவப்பணுக்களை உடைத்துவிடும். சோகையும் காமாலையும் காணும். காமாலை முற்றி மூளையைத் தாக்கிய குழந்தைகளும், உயிரிழந்த குழந்தைகளும் மருத்துவ நூல்களில் பதிவாகியிருக்கிறார்கள். மூத்த பிள்ளையின் துணியை அடுத்த குழந்தைக்கு என்று ஆசையாகக் காத்து வைத்த தாய்மார்கள் இந்த ஒரு விஷயத்தை மறக்கலாகாது. வருஷக்கணக்கில் உருண்டையோடு கிடந்த துணி, பச்சைக் குழந்தைக்கு வேண்டாம்.

பழந்துணியைப் பிள்ளைக்குப் போடுவதா என்று இந்நாளில் முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால் நம் ஊர்களில் பிறந்த குழந்தையின் உடம்பில் முதலில் படுவதே பழந்துணிதான். தாத்தாவின் வேஷ்டி, பாட்டியின் நூல் புடவை. துவைத்துத் துவைத்துப் பஞ்சு போலானதைக் கிழித்து, அதில்தான் ஏந்துவார்கள். புண்ணியாகவாசனம் ஆகும்வரை புதுத்துணி போடாத குடும்பங்கள் பல. நோய் நொடியில்லாமல் வளர்ந்த பிள்ளையின் சட்டை ஒன்றைக் கேட்டு வாங்கிப் போய்த் தன் குழந்தைக்கு முதலில் போடுவதும் வழக்கம். கொடுக்கிறவளுக்கு அதில் ஒரு பெருமை. வாங்கிப் போகிறவளுக்குச் சிறுமை என்ற எண்ணமே வராது. பழையதை ஆசீர்வாதமாக மாற்றிக்கொண்ட சாமர்த்தியம் என்றே இதை நாம் சொல்லுவோம். உறவிலோ, அடுத்த வீட்டிலோ ஒரு குழந்தை பிறந்தால், முதல் மூன்று மாதச் சட்டைகள் அங்கே போகட்டும். மூட்டையில் பாதி இப்படியே கரைந்துவிடும்.

பிள்ளையின் துணி அந்நியர் கையில் போனால் கண்ணேறு வரும், செய்வினை வைப்பார்கள் என்ற பயம் இன்னும் இருக்கிறது. படித்த வீடுகளிலும் இருக்கிறது. வாதம் பண்ணி அதைப் போக்க முடியும் என்ற நம்பிக்கை நமக்கு இல்லை. வெள்ளிக்கிழமை வேண்டாம், விளக்கு வைத்த பிறகு வேண்டாம் என்கிறார்களா? புதன்கிழமை காலையில் கொடுக்கட்டும். ஓர் இழை நூலை எடுத்து வைத்துக்கொண்டு கொடுத்தால் மனம் ஆறும் என்றால், அப்படியே செய்யட்டும். அடுத்த பிள்ளைக்கு உடம்பை மூடுவதற்கு நூல் ஓர் இழை குறைந்தால் ஒன்றும் ஆகிவிடாது.

கொடுப்பதில் உள்ள தவறு வேறு. வீட்டு வேலைக்கு வரும் அம்மாளின் பெண்ணுக்கு ஒரு கவுனைக் கொடுக்கிறோம். அது நல்ல காரியம். மறுவாரம் அந்தப் பெண் அதைப் போட்டுக்கொண்டு அம்மாவோடு வாசலில் வந்து நிற்கிறாள். "அட, நம் பாப்பா கவுன்! உனக்கு எவ்வளவு நன்றாக இருக்கிறது!" என்று நாம் வாய்விட்டுச் சொல்கிறோம். புகழ்ந்ததாகவே நினைத்துக்கொள்கிறோம். அந்தப் பெண் கையால் கவுனின் முன்புறத்தைப் பிடித்து மூடிக்கொள்கிறாள். அதற்குப் பிறகு அவள் அதைப் போட்டுக்கொண்டு அந்தத் தெருவுக்கு வந்தால் ஆச்சரியம். நம் வீட்டுப் பாப்பாவும் பக்கத்தில் நின்று, "இது என் கவுன்!" என்று சொல்லிவிட்டால் கேட்கவே வேண்டாம். கொடுத்த பிறகு அது நம் பாப்பாவின் கவுன் அல்ல. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் இருக்க நமக்குத் தெரியவேண்டும். கொடுப்பதற்கு முன்பே, "வேண்டுமா, எது வேண்டும்?" என்று அந்தத் தாயைத் தனியாகக் கேட்டு, அவளே பொறுக்கி எடுத்துக்கொள்ளும்படி விடுவது இன்னும் மேல்.

இரண்டாவது தவறு, குப்பையைத் தானம் என்று சொல்வது. 2004 டிசம்பர் 26-ம் தேதி வந்த சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கடற்கரைக்கு நாட்டின் பல மூலைகளிலிருந்தும் லாரி லாரியாகப் பழந்துணி வந்து சேர்ந்தது. வெயிலில் வெந்த மீனவர் குப்பங்களுக்குக் கம்பளிச் சட்டைகள் வந்தன. பொத்தான் இல்லாதவை, துவைக்காதவை, கிழிந்தவை எல்லாம் வந்தன. நேற்றுவரை கடலில் உழைத்துக் கௌரவமாக உடுத்தியிருந்த மக்கள் அவற்றைத் தொட விரும்பவில்லை. சாலையோரத்தில் மலைபோலக் கிடந்து, மிதிபட்டு மண்ணோடு மண்ணாயிற்று. அப்படிக் கிடந்தவற்றிலிருந்து பயன்படக்கூடியதைப் பொறுக்கித் தரம் பிரித்த அமைப்பு, அன்ஷு குப்தா 1999-ல் டில்லியில் தொடங்கிய 'கூஞ்ச்'. அவருக்கு 2015-ல் மகசேசே விருது கிடைத்தது. இந்த அமைப்பில் துணியைச் சும்மா கொடுப்பதில்லை. கிராமத்தார் கூடிக் குளம் தூர் வாருவார்கள், பாதை போடுவார்கள். அந்த உழைப்புக்கு ஈடாகத் துணியைப் பெற்றுக்கொள்வார்கள். வந்து சேரும் துணியை வயது வாரியாக, அளவு வாரியாகப் பிரிப்பதற்கே அங்கே பெரும் உழைப்பு செலவாகிறது. நம் வீட்டு மூட்டையை நாமே பிரித்துக் கொடுத்தால் எங்கோ ஒருவருடைய அரைநாள் வேலை மிச்சமாகும்.

எந்தத் துணியைக் கொடுக்கலாம் என்பதற்கு அளவுகோல் மிகச் சுலபம். நம் பிள்ளைக்கு இன்று அது சரியாக இருந்தால், அதைப் போட்டுப் பக்கத்து வீட்டுக்கு அழைத்துப் போவோமா? போவோம் என்றால் கொடுக்கலாம். துவைத்து, பொத்தான் தைத்து, நாடா கோத்து, மடித்துக் கொடுக்க வேண்டும். மாட்டோம் என்றால் அது கைப்பிடித் துணியாகவோ சைக்கிள் துடைக்கவோ ஆகும். நல்ல பருத்தியை மோட்டார் பட்டறைக்காரர்களே கேட்டு வாங்கிக்கொள்வார்கள். பழைய கம்பளியைக் கிழித்து மறுபடி நூலாக்கிப் போர்வை நெய்வதற்கு வடக்கே பானிப்பட்டில் ஆலைகளே இருக்கின்றன. பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கும் வியாபாரி வந்தால் அவரிடமும் போடலாம். ஆனால் அவர் கண் பட்டுப் புடவையின் ஜரிகையில் இருக்குமே ஒழிய, குழந்தைச் சட்டை பத்து போட்டாலும் ஒரு கரண்டி பெயர்வது சந்தேகம். போகிக்கு எரிப்பது மட்டும் வேண்டாம். இன்றைய துணியில் பாதிக்கு மேல் செயற்கை நூல். அது எரிந்தால் வருவது நச்சுப்புகை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வருஷா வருஷம் மன்றாடிக்கொண்டுதான் இருக்கிறது.

பிரிக்கும் வேலையை ஒரே நாளில் முடித்துவிட வேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டவர்கள் பெரும்பாலும் மூட்டையை மறுபடி கட்டிவிடுகிறார்கள். நடுவில் ஒரு சின்னத் தொப்பி கையில் அகப்படும். பிறகு வேலை ஓடாது. தீபாவளிக்கு ஒன்று புதிதாக வரும்போது சிறிதாகிப்போனதில் இரண்டு வெளியே போகட்டும், பிறந்தநாளைக்கும் அவ்விதமே. பிள்ளைக்கு ஐந்து வயதாகியிருந்தால் அவனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளலாம். எதை யாருக்குக் கொடுக்கலாம் என்று கேட்டுப் பாருங்கள். பெரியவர்கள் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கும் சட்டையை அவன் தயங்காமல் எடுத்துக் கொடுத்துவிடுவான். அவன் கொடுக்க மறுக்கும் ஒன்றும் இருக்கும். அது காது கிழிந்த முயல் பொம்மை தைத்த பனியனாக இருந்தாலும், அவனிடமிருந்து பிடுங்க வேண்டாம்.

நினைவுக்கென்று வைத்துக்கொள்வதைப் பற்றி நமக்கு ஆட்சேபணை கிடையாது. பிள்ளைக்கு ஒன்று, அல்லது இரண்டு, பழைய பிஸ்கட் டப்பாவில் அடங்குகிற அளவு. விலை உயர்ந்த பட்டுச் சட்டை வேண்டியதில்லை. அதை அவன் ஒரு மணி நேரம் போட்டுக்கொண்டு அழுததுதான் மிச்சம். தினம் போட்டு, தினம் துவைத்து, வெளுத்துப் போன ஒன்று இருக்குமே, அதை வைக்கலாம். கஞ்சி போடாமல் துவைத்து, நல்ல வெயிலில் உலர்த்தி, வெள்ளை வேஷ்டித் துண்டில் சுற்றி, வசம்பைத் தட்டிச் சின்ன முடிச்சாகக் கட்டி உள்ளே போட்டால் போதும். வருஷத்துக்கு இரண்டு தடவை வெயில் காட்ட வேண்டும். ஒரு சீட்டில் பெயரும் வருஷமும் எழுதிக் கூடவே வைத்துவிடுங்கள். இருபது வருஷம் கழித்து அந்தச் சட்டை யாருடையது என்று அண்ணனும் தங்கையும் சண்டை பிடிக்கும்போது, அம்மாவுக்கே ஞாபகம் இருக்காது.