அளந்தது அறிவையா?

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நம் பேரவைச் செயலாளர் வந்தபோது, தலைப்பு என்ன என்று கேட்டேன். "எது வேணும்னாலும் எழுது. மரம் வளர்ப்போம்னு மட்டும் எழுதாதே, ஏற்கெனவே ஆறு வந்திருச்சு" என்றார். சரி, மரத்தை விட்டுவிட்டு என் மண்டையைப் பற்றியே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் வேலூர்ப் பக்கத்தில் பட்டாளத்துக்குப் போவது ஒன்றும் அதிசயம் இல்லை. எங்கள் தெருவிலேயே மூன்று பட்டாளத்துக்காரர்கள். அப்பா கல் குவாரியில் வேலை, அம்மா நூறு நாள் வேலை. வீட்டில் முதன்முதலில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான். மாதச் சம்பளம் என்றால் எங்கள் வீட்டில் அது பட்டாளச் சம்பளம்தான். டிப்ளமோ முடித்தால் விமானப்படையின் அக்னிவீர் வாயுவுக்கு விண்ணப்பிக்கலாம் என்று தெரிந்ததும், இரண்டாம் ஆண்டு விடுமுறையில் நானும் ஒரு நண்பனும் பக்கத்து ஊரில் ஒரு பயிற்சி மைதானத்தில் சேர்ந்தோம். நடத்தியவர் ஓய்வு பெற்ற ஒரு ஹவில்தார்.

1.6 கிலோமீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். அது எனக்குச் சுலபம். விடியற்காலையில் தனியாக ஓடுவதைவிடச் சுகமான வேலை எது? மாட்டிக்கொண்டது பத்தாம் நாள் வைத்த மாதிரி அறிவுத்தேர்வில்தான். நாற்பது பேர் தரையில் உட்கார்ந்திருக்கிறோம். ஹவில்தார் சார் விசில் ஊதிவிட்டு விதிமுறைகளை ஒரே ஒரு தடவை கத்திச் சொன்னார். பக்கத்தில் டிராக்டர் ஓடுகிறது. எனக்கு டிராக்டரும் அவர் குரலும் ஒன்றாகக் கலந்து காதில் விழுந்தது; பிரித்தெடுப்பதற்குள் அடுத்த விசில்! 15 நிமிடத்தில் 30 கேள்வி. முதல் கேள்வி, பொருந்தாததை எடு: ஸ்பேனர், சுத்தியல், ஸ்க்ரூ டிரைவர், ஆணி.

ஆணிதான் விடை என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. மற்ற மூன்றும் கருவி, ஆணி கருவி இல்லை. ஆனால் திருகும் வேலைக்கு ஆகாதவை சுத்தியல், ஆணி இரண்டும். ஓங்கி அடிப்பது சுத்தியல் மட்டும். சைஸ் நம்பர் பார்த்து எடுக்க வேண்டியது ஸ்பேனர். கேட்டவர் எதை நினைத்துக் கேட்டார்? அந்த ஒரு கேள்வியிலேயே நான்கு நிமிடம் போய்விட்டது. முப்பதுக்கு எட்டு மார்க். எண் தொடர் கேள்விகள் மட்டும் ஒன்று விடாமல் சரி.

பேப்பரைக் கையில் கொடுத்துவிட்டு அவர் சொன்னார்: "தம்பி, உடம்பு இருக்கு, உள்ள சரக்கு இல்லடா." நாற்பது பேரும் சிரித்தார்கள். அவர் கெட்டவர் இல்லை. அன்று சாயந்திரம் தன் காசில் எனக்கு டீயும் வாங்கித் தந்தார். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

எனக்கு ஆட்டிசம் இருக்கிறது. நம் வகுப்பில் சிலருக்குத் தெரியும், பலருக்கு "அவன் ஒரு மாதிரி" என்ற அளவில் தெரியும். ஊரிலும் அப்படித்தான் சொல்வார்கள். ஆட்டிசம் என்றதும் பேசாத குழந்தை, கையை ஆட்டுகிற குழந்தை என்றுதான் பலருக்கு ஞாபகம் வருகிறது. அப்படியும் இருப்பார்கள், என் மாதிரியும் இருப்பார்கள். சத்தம் எனக்குள் வடிகட்டாமல் வரும். சொல்லாமல் சொல்வது புரியாது. "ஏதாவது சாப்பிடுறியா?" என்று கேட்டால் "ஏதாவது" என்றால் என்ன என்று யோசிப்பேன். ஆனால் ஒர்க் ஷாப்பில் லேத் ஓடும் சத்தத்தை வைத்தே டூல் முனை மழுங்கிவிட்டதைச் சொல்லிவிடுவேன். இதற்கு நம் இன்ஸ்ட்ரக்டர் சாரே சாட்சி.

இந்தச் சரக்கு விஷயத்தை முதலில் அளந்தது ஹவில்தார் சார் அல்ல. எனக்குப் பதினாலு வயதில் பள்ளி முகாமிலிருந்து ஒரு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அம்மா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அழைத்துப்போனார். மாலின் சோதனை என்று ஒன்று வைத்தார்கள். வண்ணக் கட்டைகளை அடுக்கி, காட்டுகிற வடிவத்தைச் செய்ய வேண்டும். டக் டக்கென்று செய்தேன். பிறகு வாய்க்கேள்விகள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் குடையை விட்டுவிட்டு இறங்கினால் என்ன செய்வாய் என்கிற ரகம். பஸ் நின்றிருக்கிறதா, ஓடுகிறதா என்று நான் திருப்பிக் கேட்டேன். அந்த அம்மையார் எதுவும் சொல்லாமல் எழுதிக்கொண்டார். கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எண்: 74. "பையன் கொஞ்சம் மந்தம், ஏதாவது கைத்தொழில் கத்துக்கொடுங்க" என்றார்கள். அம்மா திரும்பி வரும்போது பஸ்ஸில் வாயே திறக்கவில்லை. ஊர் எல்லையில் இறங்கியதும், "உனக்கு அறிவு இல்லேன்னா நம்ம வீட்டு ரேடியோவை யார்றா கழட்டி மாட்டினது?" என்று மட்டும் கேட்டார். (ரேடியோ அதற்குப் பிறகு பாடவில்லை என்பது வேறு விஷயம்.)

மைதானத்தில் வாங்கிய எட்டு மார்க்குக்குப் பிறகுதான் இந்தச் சோதனைகளெல்லாம் எங்கிருந்து வந்தன என்று தேட ஆரம்பித்தேன். தேடினால், ஆஸ்பத்திரிச் சோதனையும் பட்டாளச் சோதனையும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்!

1905இல் பிரான்ஸ் நாட்டு ஆல்பிரட் பினே, பள்ளியில் எந்தக் குழந்தைக்குக் கூடுதல் உதவி வேண்டும் என்று கண்டுபிடிக்கத்தான் ஒரு சோதனையைச் செய்தார். அது கடலைத் தாண்டி அமெரிக்கா போனது. 1917இல் அமெரிக்கா முதல் உலகப்போரில் இறங்கியது. ராபர்ட் யெர்க்ஸ் என்ற உளவியலாளர் தலைமையில் ராணுவத்துக்கு இரண்டு சோதனைகள் தயாராயின. ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர்களுக்கு ஆல்ஃபா, தெரியாதவர்களுக்கு பீட்டா. சுமார் 17 லட்சம் பேருக்கு மேல் எழுதினார்கள். ஆல்ஃபாவின் முதல் பகுதி என்ன தெரியுமா? அதிகாரி வாயால் கட்டளை சொல்வார், ஒரே தடவைதான். இந்த வட்டத்துக்குள் இருந்து அந்த முக்கோணத்துக்கு வெளியே இருக்கும் இடத்தில் எண் போடு என்பது மாதிரி. சில நொடிகளில் பென்சிலைத் தூக்கிவிட வேண்டும். இதைப் படித்தபோது எனக்கு அந்த டிராக்டர் சத்தம் மறுபடி கேட்டது.

இன்னொரு பகுதி பொது அறிவு. அமெரிக்கக் கடையில் விற்கும் ஒரு சமையல் கொழுப்பின் பிராண்ட் பெயர், ஒரு பேஸ்பால் ஆட்டக்காரர் பெயர் எல்லாம் அதில் கேள்வி. இத்தாலியிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் கப்பலில் வந்து இறங்கியவனுக்கு இது எப்படித் தெரியும்? எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கான பீட்டாவிலும், வலை இல்லாத டென்னிஸ் மைதானப் படத்தைக் காட்டி என்ன குறைகிறது என்று கேட்டார்கள். எங்கள் அப்பா இன்று வரை டென்னிஸ் மைதானத்தைப் பார்த்ததில்லை. அவரும் ஃபெயில்தான்.

முடிவு என்ன? அமெரிக்க வெள்ளைக்கார சிப்பாயின் சராசரி மனவயது 13 என்று 1921இல் அறிக்கை வந்தது. வந்தேறிகளில் அமெரிக்காவில் அதிக வருடம் இருந்தவர்கள் அதிக மார்க் வாங்கியிருந்தார்கள். ஊர் பழகப் பழக மார்க் ஏறுகிறது என்றால் அளந்தது பழக்கத்தைத்தானே? ஆனால் கார்ல் பிரிகாம் என்பவர் இதே கணக்கை வைத்து, தெற்கு, கிழக்கு ஐரோப்பியர்களுக்குப் பிறவியிலேயே அறிவு மட்டு என்று 1923இல் புத்தகம் போட்டார். 1924இல் அவர்கள் வருவதைக் குறைக்கும் சட்டம் வந்தது. அந்தப் புத்தகம்தான் சட்டத்தைக் கொண்டுவந்தது என்று நான் சொல்லவில்லை, அதற்கு வேறு காரணங்களும் இருந்தன. 1930இல் பிரிகாம் தன் முடிவு தவறு என்று தானே எழுதினார். சட்டம் என்னவோ அப்படியே இருந்தது.

அந்த ராணுவச் சோதனைகளுக்கு மார்க் போட்டவர்களில் ஒரு இளைஞர் டேவிட் வெக்ஸ்லர். பின்னாளில் 1939இல் பெரியவர்களுக்கும் 1949இல் குழந்தைகளுக்கும் அவர் செய்த சோதனைகளில் ஆல்ஃபா, பீட்டா கேள்வி வகைகள் பலவற்றை எடுத்துக்கொண்டார். குழந்தைகளுக்கான அந்தச் சோதனையைத்தான் 1969இல் நாக்பூரில் மாலின் இந்தியப் பிள்ளைகளுக்காக மாற்றி அமைத்தார். அதாவது 1917இல் சிப்பாய்களைத் தரம் பிரிக்கக் கட்டிய சோதனையின் பேரன்தான் எனக்கு 74 போட்டது!

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1938இல் இங்கிலாந்தில் ஜான் ரேவன் ஒரு சோதனை வெளியிட்டார். ஒரு கோலத்தில் ஒரு துண்டு காணாமல் போயிருக்கும். கீழே உள்ள துண்டுகளில் எது பொருந்தும் என்று காட்ட வேண்டும். வாய்ப்பேச்சு அநேகமாக வேண்டாம். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் ராணுவமும் இதைப் பயன்படுத்தியது. 2007இல் கனடாவில் மிஷெல் டாசன், லோரான் மோத்ரோன் முதலானோர் 38 ஆட்டிசக் குழந்தைகளுக்கு வெக்ஸ்லர், ரேவன் இரண்டையும் வைத்துப் பார்த்தார்கள். ரேவனில் சராசரியாக 30 பெர்சன்டைல் அதிகம். அதாவது நூறு பேர் வரிசையில் முப்பது இடம் முன்னால் நிற்கிறான் அதே பையன், அதே மண்டையோடு! ஆட்டிசம் இல்லாத குழந்தைகளுக்கு இப்படி ஏறவில்லை. பிறகு வந்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் இத்தனை பெரிய இடைவெளி வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நானும் பிரிகாம் ஆகிவிடுவேன். டாசனும் ஆட்டிசம் உள்ளவர் என்பதைப் படித்தபோது அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டேன்.

நாமெல்லாம் மெட்ராலஜி படித்தவர்கள். வெர்னியரைக் கையில் எடுத்ததும் முதலில் என்ன செய்கிறோம்? தாடைகளை மூடி ஜீரோ எரர் பார்க்கிறோம். பார்க்காமல் ரீடிங் எழுதினால் ரெக்கார்டில் சிவப்பு மை. ஒரு முனையில் 30 மி.மீ., மறுமுனையில் 10 மி.மீ. இருக்கும் டேப்பர் ஷாஃப்டை, சராசரி 20 என்று எழுதி 20 பேரிங்கில் போடுவோமா? கட்டை அடுக்குவதில் உச்சம், குடைக் கேள்வியில் பாதாளம் இருக்கிற என்னை மட்டும் கூட்டி வகுத்து 74 என்று எப்படி எழுதினார்கள்?

என் ரூம்மேட் இதை ஒத்துக்கொள்ளவில்லை. "எல்லையில நின்னுக்கிட்டு, சுடுன்னா எதைச் சுடணும்னு நீ யோசிச்சா பக்கத்துல இருக்கிறவன் செத்துடுவான்டா" என்றான். அவன் சொல்வது நியாயம். ஒரே தடவை கத்திச் சொன்னால் புரிந்துகொள்கிறவன் படைக்கு வேண்டும்தான். மருத்துவப் பரிசோதனையில் என்னை எடுத்திருப்பார்களா என்பதும் சந்தேகமே. அமெரிக்க ராணுவ விதிகளிலும் ஆட்டிசம் தகுதிக் குறைவுப் பட்டியலில்தான் இருக்கிறது, விலக்கு கேட்டுப் பார்க்கலாம், அவ்வளவே.

ஆகவே பட்டாளம் கேஜ் வைத்துப் பார்க்கக்கூடாது என்பது என் வாதமல்ல. ஸ்நாப் கேஜ் வைத்து ஷாஃப்டைப் பார்க்கிறோம். கோ பக்கம் நுழைந்து, நோ-கோ பக்கம் நுழையாமல் நின்றால் பாஸ். இல்லாவிட்டால் ரிஜெக்ட். அந்த கேஜ் சொல்வது இந்த ஷாஃப்ட் அந்த ஓட்டைக்கு ஆகாது என்பதை மட்டும். இரும்பு மட்டம் என்று அது சொல்லவே சொல்லாது. 'உன் வேகம் இந்த வேலைக்குப் போதாது' என்று ஹவில்தார் சார் சொல்லியிருந்தால் டீயைக் குடித்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்திருப்பேன். சரக்கு இல்லை என்று சொல்ல அந்தப் பேப்பருக்கு அதிகாரம் கிடையாது.

வேறு ஓட்டை தேடிப் பார்த்த ராணுவமும் உண்டு. இஸ்ரேலில் கட்டாய ராணுவ சேவையிலிருந்து ஆட்டிசம் உள்ளவர்களுக்கு விலக்கு. 2013இல் 'ரோயிம் ரஹோக்' என்று ஒரு திட்டம் தொடங்கி, விரும்பி வருகிற ஆட்டிசம் உள்ள இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து, வான்வழிப் படங்களில் சின்ன மாற்றங்களைக் கண்டுபிடிக்கும் வேலையில் சேர்த்தார்கள். அந்தப் படங்களைக் கொண்டு அந்த ராணுவம் செய்வது என்ன என்று நினைத்தால் எனக்கு அந்த வேலை வேண்டவே வேண்டாம். ஆனால் கண் கூர்மையாக இருப்பவனிடம் கண் வேலையைக் கேட்டார்கள் பாருங்கள், அந்த யோசனையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

என் நண்பன் உடல்தகுதி, எழுத்துத் தேர்வு எல்லாம் தாண்டி அடாப்டபிலிட்டி டெஸ்டுக்குக் காத்திருக்கிறான். அவனுக்குக் கிடைக்கட்டும், நல்ல பையன்.

எனக்கு முன்னால் இருப்பது வேறு கேஜ். அடுத்த மாதம் கேம்பஸ் இன்டர்வியூவுக்குக் கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள். வந்ததும் முதல் வேலையாக ஆப்டிட்யூட் டெஸ்ட், அரை மணியில் முடிக்க வேண்டும், விதிமுறை மைக்கில் சொல்வார்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் ஆட்டிசமும் இருக்கிறது. எனவே விதிமுறைகளை அச்சடித்துக் கையில் தர வேண்டும், தேவைப்படுவோருக்குக் கூடுதல் நேரமும் சத்தமில்லாத அறையும் தர வேண்டும் என்று முதல்வர் ஐயாவுக்கு ஒரு விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறேன். காது சரியாகக் கேட்காத சிவில் மாணவி ஒருவரும், கண் பார்வை குறைந்த எலெக்ட்ரிகல் மாணவர் ஒருவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். என்னோடு சேர்த்து மூன்று. பேரவையும் போட்டால் நல்லது. மதிய இடைவேளையில் நான் மெட்ராலஜி லேப் வராந்தாவில்தான் இருப்பேன். வந்தால் பின்னாலிருந்து தோளில் தட்டாமல், பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.